கம்ப்யூட்டருக்குக் கூடுதல் துளைகள் வைத்ததும், ஸாகோர்காவைப் பெண் கேட்டது பாதியில் நின்றதும்

வெர்ஷாட்ஸ்,
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஒப்ராத் அவர்களுக்கு,

வெலிமிர் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மிலேசாவும் எங்கள் வயது அனுமதிக்கிற அளவில் நலம். அங்கே லின்ஸில் உங்கள் முழங்கால், உங்கள் வீட்டம்மாவின் ரத்த அழுத்தம், உங்கள் காரின் பிரேக் ஆகிய மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கின்றன என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. காப்பித்தூள் அருமை. பார்சலில் இருந்த மற்றவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று உங்கள் இளைய தங்கை ஸாகோர்கா உங்களோடு தொலைபேசியில் பேசியதாக அறிந்தேன். என்ன பேசினாள் என்பதையும் அறிந்தேன், ஏனென்றால் சமையலறையில் பேசினால் இந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்கும். "அத்தான் வேணும்னே எழுந்து வந்து கம்ப்யூட்டரை அணைச்சுட்டார் அண்ணா, என் கல்யாணமும் அதோட அணைஞ்சுபோச்சு" என்றாள். நான் வேலைக்காலம் முழுவதும் இந்த ஊர் வாரப்பத்திரிகைக்கு நீதிமன்றச் செய்தி எழுதியவன். ஒரு தரப்பை மட்டும் கேட்டு ஒரு வரிகூட அச்சுக்கு அனுப்பியதில்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். முடிவில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன். அதை நீங்கள் ஒருவர்தான் செய்ய முடியும்.

போன இலையுதிர் காலத்தில் கோஷாவா காற்று ஸாகோர்கா வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவள் எங்களோடு இருப்பது உங்களுக்குத் தெரியும். அவள் தங்கியிருப்பது என்னுடைய எழுத்து அறையில். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். என் மேசையும் கம்ப்யூட்டரும் அங்கேதான் இருக்கின்றன. நான் எழுதப் போனால் அவள் படுத்திருக்கிறாள். அவள் படுக்கப் போனால் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல் மருத்துவமனையில் நர்சாக இருந்தவள் ஆனதால், ஒருவர் வாயைத் திறந்தாலே அதில் என்ன குறை என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அப்படி இருந்தும் ஸ்தானோயே என்கிற மனிதர் வாயைத் திறக்கும்போது மட்டும் அவள் குறை எதுவும் பார்ப்பதில்லை. ஸ்வீடனில், கோத்தன்பர்க்கில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், போன கோடையில் இங்கே ஒரு ஞானஸ்நான விருந்தில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். அன்று முதல் தினமும் சாயங்காலம் போன் வரும். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கையில் பேனாவோடு வெளியே நடைபாதையில் நிற்பேன்.

போன மாதம் ஸாகோர்கா எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். ஸ்தானோயேவின் அக்கா பெர்சிதா, தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முறைப்படி பெண் கேட்கப் போகிறார். அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு அறுவை முடிந்து விமானம் ஏற முடியாது. அதனால் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்பார். "போன்லயே கேட்டுரலாமேம்மா" என்றேன் நான். அதற்குப் பெர்சிதா ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்: உள்ளங்கை அகலக் கண்ணாடியைப் பார்த்து அவர் பெண் கேட்க மாட்டாராம். வீடு, மேசை, மேசைமேல் இருப்பது, மேசையைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமாம். காதும் கொஞ்சம் மந்தம், ஆகவே குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமாம். ஸாகோர்கா சொல்லி முடித்துவிட்டு ஒன்று சேர்த்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை நடக்கலைன்னா நான் இதோட விட்டுடுறேன் அத்தான். இன்னொரு குளிர்காலம் போனைக் காதுல வச்சுக்கிட்டு உட்கார என்னால முடியாது." அதைச் சொல்லும்போது அவள் என் வாயைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

இந்தச் செய்தி உங்களுக்கும் போனது. உடனே நீங்கள் பெரிய மனதோடு பார்சல் அனுப்பினீர்கள். ஒரு கேமரா. ஒரு மைக். முகத்தில் வெளிச்சம் விழ ஒரு விளக்கு. ஸாகோர்காவுக்குக் கால் சில்லிடாமல் இருக்க, இரண்டு காலையும் ஒன்றாக நுழைத்துக்கொள்கிற, பஞ்சு வைத்த பெரிய செருப்பு ஒன்று. அந்தச் செருப்பையும் கம்ப்யூட்டரில்தான் செருக வேண்டும் என்பது அதை மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. இங்கேதான் தொல்லை ஆரம்பம். கடைக்காரர்கள் யூ.எஸ்.பி போர்ட் என்கிறார்கள், எங்கள் வீட்டில் துளை. எங்கள் கம்ப்யூட்டரின் முதுகில் நான்கு துளைகள். ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் மவுஸ், ஒன்றில் பிரிண்டர். மிச்சம் ஒன்று. முன்பக்கம் இன்னும் இரண்டு உண்டு, ஆனால் அவை வாங்கிய நாளிலிருந்தே அலங்காரம்தான், எதைச் செருகினாலும் உயிர் வராது. பார்சலில் வந்த சாமான் நான்கு, இருக்கிற துளை ஒன்று. பிரிண்டரைப் பிடுங்கிவிடலாமே, செருப்பு இல்லாமலே சமாளிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு மிலேசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, "விருந்தாளி வர்ற அன்னிக்கு நாற்காலியைக் கூட்டுவோமா, குறைப்போமா?" என்றாள். இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு எதிராக வாதாடக்கூடிய வக்கீல் கிடையாது.

முதலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் உறை விற்கிறவரிடம், ஒரு துளையை நான்காகப் பிரிக்கிற சிறு பெட்டி வாங்கி வந்தேன். கேமராவைச் செருகினேன், படம் வந்தது. மைக்கைச் செருகினேன், சத்தம் வந்தது. விளக்கைச் செருகினேன், கேமரா கண் சிமிட்டியது. செருப்பைச் செருகினேன், விளக்கு மங்கியது, மைக் இருமியது, கேமரா போயே போய்விட்டது. ஒரு குழாயில் நான்கு திருகு வைத்தால் தண்ணீர் நான்கு மடங்கு ஆகுமா என்று எனக்கே பிறகுதான் தோன்றியது. ஸாகோர்கா கால் சூடாகவும் முகம் இல்லாமலும் உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே மேஸ்திரி ஜூராவைக் கூப்பிட்டோம். இரண்டாவது மாடிக்காரர், லிப்ட் பழுது பார்த்தவர். இப்போது எங்கள் கட்டடத்தில் மின்சாரத்தில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவரே வைத்தியர். எங்கள் லிப்ட் மட்டும் ஓடுவதில்லை. வந்தார், காப்பி குடித்தார், பிளம் பிராந்தி குடித்தார், இன்னொரு காப்பி குடித்தார். பிறகு பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு, நம் ஊரில் எந்த மேஸ்திரியும் எந்த வீட்டிலும் எதைத் திறந்தாலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாரு இதுல கை வச்சது?"

"யாரும் வைக்கல. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கு" என்றேன்.

"வச்சிருக்காங்க நிருபரே. இதெல்லாம் மனுஷன் பண்ற வேலையா? பாருங்க இந்த ஒயரை. என் மாமியார் பின்னல்கூட இதைவிட ஒழுங்கா இருக்கும்."

"சரி, துளை கூட்ட முடியுமா முடியாதா?"

"நான் பதினாலு மாடிக் கட்டடத்துல லிப்டைத் தொங்க விட்டவன். துளை என்ன துளை."

அவர் சொன்ன வழி சரியான வழிதான், அதை மறுக்கவில்லை. உள்ளே மதர்போர்டில் காலியாக ஒரு நீள வாய் இருக்கும். அதில் செருகுவதற்கென்றே சின்னப் பலகை விற்கிறது. பலகையின் ஓரத்தில் நான்கு துளைகள், அவை பெட்டியின் முதுகு வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். அந்தப் பலகைக்கு மின்சாரம் தனியாக வரும், ஆகவே செருப்பு போட்டால் விளக்கு மங்காது. பெல்கிரேடிலிருந்து வரவழைத்தோம். அதைப் பொருத்த முதுகில் ஒரு சின்னத் தகட்டு மூடியைக் கழற்ற வேண்டும். ஜூரா குறடு போட்டு இழுத்தார், மூன்று மூடிகள் கையோடு வந்தன. "போகட்டும், நாளைக்கு இன்னும் துளை வேணும்னு வருவீங்கல்ல, இடம் தயாரா இருக்கும்" என்றார். பலகைக்கு மின்சாரம் கொடுக்க, பல வருடமாக வாய் திறக்காத சி.டி. பெட்டியின் ஒயரைப் பிடுங்கி மாட்டினார். கடைசியில் பக்கத் தகட்டை மூடப் பார்த்தார், மூடவில்லை. முழங்காலால் அழுத்தினார், வளைந்தது. விரல் நுழைகிற இடைவெளி மிஞ்சியது. "மூச்சு விடட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிராந்தியின் பக்கம் திரும்பினார்.

ஆனால் வேலை செய்தது, மச்சான். அதையும் பதிவு செய்கிறேன். ஸாகோர்கா ஒவ்வொன்றாகச் செருகினாள். விளக்கு எரிந்தது, செருப்பு சூடானது, மைக்கில் "ஒன்று, இரண்டு" சொன்னாள், கேட்டது. கேமராவில் அவள் முகம் திரையில் வந்தது. நெற்றி முடியைச் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "நல்லாத் தெரியிறேனா அத்தான்?" என்றாள். நல்லாத் தெரிந்தாள். அதைச் சொன்னேன். சொன்ன பிறகு நான் மனதுக்குள் என் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவள் படுக்கை இருந்த இடத்தில் புத்தக அலமாரியை வைத்தேன். உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை மறைக்கக் கூடாது.

அப்போதுதான் மிலேசா கழுத்தைத் தடவினாள்.

"காத்து வருது."

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம். ஜன்னல் சாத்தியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. மிலேசா மெழுகுவர்த்தி கொளுத்தி வந்து அறை முழுக்கக் காட்டினாள். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் வந்ததும் சுடர் படுத்துவிட்டது. உள்ளே சுழல்கிற ஃபேன், பக்கத்து இடைவெளி வழியாகக் காற்றை இழுத்து, மூடி போன இரண்டு ஓட்டை வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் திறப்பு, எதிர்ப்பக்கம் திறப்பு, நடுவே ஓட்டம். அசல் குறுக்குக் காற்று. அதுவும் எங்கே? பெண் கேட்கிற அன்று ஸாகோர்கா உட்காரப் போகிற நாற்காலிக்கு நேராக, சிறுநீரகத்தின் உயரத்தில்.

குறுக்குக் காற்று என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. உங்கள் சித்தப்பாவுக்கு வாய் கோணியது ரயிலில் எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்ததால்தான். என் சொந்தத் தம்பி ஈரத்தலையோடு வாசற்படியில் நின்று தபால்காரரோடு பேசினான், அதற்குப் பிறகு அவனுக்குக் கணக்கே வரவில்லை. இங்கே கோஷாவா வீசினால் வெளியே நடந்து போவோம், அது வேறு, அது வெளிக்காற்று. வீட்டுக்குள் ஓடுகிற காற்றுக்கு மருந்து கிடையாது. ஜூராகூட முகம் மாறி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, "இதை நான் யோசிக்கல" என்றார். அவர் எதையாவது யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதை அன்றுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், நான் ஒரு அட்டையை அளவாக வெட்டி, அந்தப் பக்கத்து இடைவெளியின் மேல் பசை நாடாவால் ஒட்டினேன். உள்ளே போகிற காற்றை நிறுத்தினால் வெளியே வருகிற காற்றும் நிற்கும் என்பது என் கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. சின்னக் காரியத்துக்கு விளம்பரம் எதற்கு.

மதியம் மேசை தயாரானது. மேசையை எழுத்து அறைக்கே கொண்டுவந்து கம்ப்யூட்டரோடு சேர்த்துப் போட்டிருந்தோம். கோழி சூப், முட்டைக்கோஸ் இலையில் மடித்த கறி, வறுத்த பன்றி, கசகசா ரொட்டி, எல்லாம். திரைக்கு முன்னால் மிலேசா இரண்டு தட்டு வைத்தாள், ஸ்தானோயேவுக்கு ஒன்று, பெர்சிதாவுக்கு ஒன்று, முள்கரண்டியோடு. ஸாகோர்கா நீல உடுப்பில் சமையலறையில் நின்றாள். காப்பித் தட்டோடு அழைத்த பிறகுதான் வர வேண்டும் என்பது பெர்சிதாவின் ஏற்பாடு. நீங்கள் இல்லாத இடத்தில் குடும்பத்துக்குத் தலைவன் நான் என்பதால், அவள் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். தரை சில்லென்று இருந்ததால் மிலேசா என் இரண்டு காலையும் எடுத்து அந்தச் செருப்புக்குள் நுழைத்தாள். ஜூரா வெள்ளைச் சட்டை போட்டு ஓரத்தில் நின்றார், தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பு.

திரையில் அவர்கள் வந்தார்கள். ஸ்தானோயே டை கட்டி, முதுகை நிமிர்த்தி, டிராம் ஓட்டுகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் வைத்திருந்தார். பெர்சிதா பக்கத்தில், தொப்பியோடு.

"கேக்குதா?" என்றார் பெர்சிதா.

"கேக்குது. உங்களுக்குக் கேக்குதா?"

"கத்த வேண்டாம், எனக்கு நல்லாவே கேக்குது. அந்தக் கிண்ணத்துல என்ன?"

"சூப்" என்றாள் மிலேசா. "ஆறிடும், எடுத்துக்கங்க."

"வாசனையே வரலையே."

"வரும் வரும், கொஞ்சம் கிட்ட வாங்க" என்று சொல்லி மிலேசா கிண்ணத்தைத் திரையின் கீழே தள்ளினாள். ஆவி கேமராவில் படிந்து, பெர்சிதா "பனி மூட்டமா இருக்கே அங்க" என்றார். துடைத்தோம். இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா என்று கேட்டோம். ஸ்தானோயே எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். மற்ற நேரமெல்லாம் அவர் கண், சமையலறைக் கதவு எந்தப் பக்கம் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தது.

"நாங்க சுத்தி வளைக்கிற ஆளுங்க இல்ல" என்று பெர்சிதா தொப்பியைச் சரி செய்தார். "வீட்டுத் தலைவர் யாரு, நீங்கதானே? என் தம்பி நல்லவன். குடிக்க மாட்டான், அதாவது அளவா. உங்க மச்சினியை எங்க வீட்டுக்குத் தர்றீங்களா?"

இந்தக் கேள்விக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்கிற குடும்பமா மச்சான் நம்முடையது? கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேன். இரண்டு காலும் ஒரே செருப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். உடம்பு எழுந்தது, கால் எழவில்லை. முன்னால் சாய்ந்தேன். ஒரு கை சூப்பில், ஒரு கை கேமராவின் மேல், என் முகம் கேமராவுக்கு முன்னால். வாயில் "தர்றோம்" என்ற வார்த்தை தயாராக இருந்தது. அந்த நொடியில், யாரும் எதையும் தொடாமலே, கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது.

ஸாகோர்கா காப்பித் தட்டோடு கதவில் நின்றாள்.

"என்ன சொன்னீங்க அத்தான்?"

"இன்னும் சொல்லலை."

"அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அவள் தட்டை மெதுவாக மேசைமேல் வைத்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போன் போட்டோம். பெர்சிதா எடுத்து, "பதிலை எங்க கண்ணாலயே பார்த்துட்டோம், எங்களுக்கும் மானம் இருக்கு" என்று வைத்துவிட்டார். ஸ்தானோயேவின் போன் அணைந்திருந்தது. இன்று வரை அணைந்தே இருக்கிறது.

இனி விசாரணை. கம்ப்யூட்டர் பெட்டியைச் சூட்டில் தொட முடியவில்லை, மிலேசா அதன்மேல் ரொட்டி மாவு வைத்திருந்தால் பொங்கியிருக்கும். ஆறின பிறகு ஜூரா திருப்புளியோடு உட்கார்ந்தார். "யாரு இதுல கை வச்சது?" என்று வழக்கப்படி ஆரம்பித்தார். இந்தத் தடவை அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. முதலில் என் அட்டை வந்தது. நான் ஒப்புக்கொண்டேன். பின்பக்கம் ஸாகோர்காவின் பஞ்சு வைத்த அரைக்கோட்டு தொங்கியது. "உங்க இடுப்புக்காகத்தான் போட்டேன் அத்தான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. ஓர் ஓட்டையிலிருந்து ஜூரா ஒரு கம்பளிக் காலுறையை இழுத்தார். மிலேசா கூரையைப் பார்த்தாள். அடுத்த ஓட்டையில் நான்காக மடித்துத் திணித்த எங்கள் வாரப்பத்திரிகை இருந்தது. எங்கள் வீட்டில் பத்திரிகையை மடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. மூவரும் ஜூராவைத் திரும்பிப் பார்த்தோம்.

"பொம்பளைங்க உக்கார்ற இடம் நிருபரே" என்றார் அவர், பேப்பரைப் பிரித்துக்கொண்டே. "நாளைக்கு ஒண்ணு ஆனா என்னைத்தானே சொல்லுவீங்க."

இதுதான் உண்மை. நான் அணைக்கவில்லை. நான்கு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒருவர் நலத்துக்காக ஒருவர் அடைத்ததில், அந்த இயந்திரம் மூச்சு முட்டிச் செத்தது. இன்னொன்றும் அன்று தெரிந்தது, எழுதக் கை கூசுகிறது. உள்ளே ஒரு மூலையில் ஒரு ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூரா சும்மா அதை எடுத்து மதர்போர்டில் குத்தினார். முன்பக்கத்து அலங்காரத் துளைகள் இரண்டும் உயிர் பெற்றன. பிரிண்டரை மட்டும் ஒரு மதியத்துக்குப் பிடுங்கியிருந்தால் பலகையே தேவைப்பட்டிருக்காது, மூடிகள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். இதை நான் ஸாகோர்காவிடம் சொல்லவில்லை. ஜூரா சொல்லிவிட்டார்.

இப்போது வீட்டின் நிலைமை: ஸாகோர்கா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால் மிலேசாவிடம் கேட்கிறாள், உப்பு என் கையில் இருந்தாலும். நீல உடுப்பை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். நேற்று ஒரு தடவை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து நெற்றி முடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திரையின் தூசியைத் துடைத்தாள்.

ஆகவே மச்சான், உதவி இது. மூத்த அண்ணன் என்ற முறையில் நீங்கள் பெர்சிதாவுக்குப் போன் போட வேண்டும். போட்டு, "தர்றோம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது, அங்கே என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள். காரணம் கேட்டால் குறுக்குக் காற்று என்று சொல்லுங்கள். அந்த அம்மாள் எத்தனை வருடம் ஸ்வீடனில் இருந்தாலும் பிறந்தது இந்தப் பக்கம்தான், புரிந்துகொள்வார். இதில் என் சுயநலமும் உண்டு என்பதை மறுக்கவில்லை. என் அறை எனக்கு வேண்டும். ஆனால் அது இரண்டாவது காரணம். முதல் காரணம் அந்த நெற்றி முடி.

முழங்காலை ஈரத்தில் விடாதீர்கள். வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் வீட்டு ஜன்னல்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிரில் இல்லாமல் இருக்க என் பிரார்த்தனை.

என்றும் மரியாதையுடன்,
வெலிமிர்

பின்குறிப்பு: மச்சான், பெர்சிதாவுக்குப் போன் போட வேண்டாம். தயவுசெய்து யாருக்குமே போட வேண்டாம். கடிதத்தை உறையில் போட்டு வைத்துவிட்டுத் தபால்தலைக்காக நான்கு நாள் அலைந்ததில் நிலைமை மாறிவிட்டது. புதன்கிழமை காலை மணி அடித்தது. கதவைத் திறந்தேன். கறுப்புக் கோட்டில், சின்னப் பெட்டியும் ஒரு கிலோ சர்க்கரையும் காப்பித்தூளுமாக, நம் ஊரில் துக்கம் விசாரிக்க வருகிறவர் கோலத்தில் ஸ்தானோயே நின்றார். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார். நான் எழுந்ததை அவர் கோபமென்றே நினைக்கவில்லையாம். டிராமில் இரண்டு பேர் அதே மாதிரி முகம் வெளுத்து முன்னால் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறாராம், இரண்டுமே இதயம். மறுத்துவிட்டார்கள் என்று அக்கா, செத்துவிட்டார் என்று தம்பி, இரண்டு நாள் சண்டை. அதில் அக்கா அவர் போனைப் பூட்டி வைத்துவிட்டார். கடைசியில் தம்பி சொல்லாமல் விமானம் ஏறிவிட்டார். உயிரோடு இருந்து அவரை ஏமாற்றியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன்.

சத்தம் கேட்டு ஸாகோர்கா வெளியே வந்தாள். அவர் படியில் உட்கார்ந்தபடியே, என்னிடம் கேட்காமல், அவளிடமே கேட்டுவிட்டார். அவள் என்னிடம் திரும்பினாள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக. "நீங்க ஒண்ணும் எழுந்திருக்க வேண்டாம் அத்தான்" என்றாள். பிறகு அவரிடம், சம்மதம், ஆனால் கோத்தன்பர்க்குக்கு வரமாட்டேன், தம்பி போனைப் பூட்டி வைக்கிற அக்கா இருக்கிற ஊரில் குடியிருக்க முடியாது, நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்றாள். அவர் உடனே சரி என்றார். கூரை வேலை முடியும் வரை இருவரும் என் எழுத்து அறையில். என் மேசை இப்போது நடைபாதையில், லிப்ட் கதவுக்கு எதிரே.

மனிதர் நல்லவர். பாத்திரம் கழுவுகிறார், அளவாகக் குடிக்கிறார். ஒரே ஒரு விஷயம், அங்கே அத்தனை வருடம் இருந்த பழக்கமாம்: விடிந்ததும் ஜன்னலையும் கதவையும் ஒன்றாகத் திறந்து வைத்து, வீட்டுக்குக் காற்று வேண்டும் என்கிறார். மிலேசா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவிடுகிறாள். ஜூரா அந்த நேரத்தில் எங்கள் மாடியைத் தாண்டுவதில்லை. இன்று காலை நடைபாதையிலிருந்து நானே பார்த்தேன். இரண்டு திறப்புக்கும் நட்டநடுவே நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துணிகூடக் கட்டாமல், ஸாகோர்கா அவரோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.